பேட்டன்ட் ஆபீஸ் ஆட்சேபம் சொன்னால் மனு போடலாமா? எப்போது, யார், எங்கே?

காப்புரிமை அலுவலகத்திலிருந்து வரும் முதல் கடிதம் பெரும்பாலும் ஆட்சேபங்களோடுதான் வரும். "இது புதிதல்ல", "இந்தத் துறை தெரிந்தவருக்கு இது தானாகவே தோன்றிவிடும்", "உங்கள் கோரிக்கை தெளிவாக இல்லை" என்று வரிசையாக இருக்கும். படித்ததும் பலருக்கும் மனசு விட்டுப் போகும். "சரி, நமக்கு இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது மறுப்புக் கடிதம் இல்லை. உங்களிடம் கேள்வி கேட்கும் கடிதம். மூடி வைத்தால்தான் அது மறுப்பைவிட மோசமான ஒன்றாக மாறும். எப்படி என்று கீழே பார்ப்போம்.

மனு என்றதும் நம்ம ஊரில் நினைவுக்கு வருவது திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள்தான். காப்புரிமைக்கு அந்த வழி உதவாது. இது மத்திய அரசின் கீழ் வரும் விஷயம். 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், 2003ஆம் ஆண்டு காப்புரிமை விதிகள் ஆகிய இரண்டின்படிதான் எல்லாம் நடக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவற்றுக்கும் அதுவே. அங்கே கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு படிவ எண், ஒரு கட்டணம், ஒரு கெடு தேதி உண்டு. கெடு தேதியைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், மோட்டார் சூடாவதைக் குறைக்க ஒரு சின்ன அமைப்பைக் கண்டுபிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைனில் விண்ணப்பிக்கிறார். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். வழக்கமாக 18 மாதம் கழித்து விண்ணப்பம் காப்புரிமை இதழில் வெளியாகும். இந்த இதழ் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் வருகிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

விண்ணப்பம் போட்டாச்சு, இனி அவர்களே ஆய்வு செய்வார்கள் என்று நினைத்தால் அங்கேயே முதல் சறுக்கல். ஆய்வு தானாகத் தொடங்காது. படிவம் 18இல் தனியாகக் கேட்க வேண்டும். ஆன்லைனில் தனிநபருக்கு 4,000 ரூபாய். 2024 மார்ச் 15இல் விதிகள் மாறின. அதற்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களுக்கு 31 மாதத்துக்குள் இதைக் கேட்டாக வேண்டும். முன்பு 48 மாதம் இருந்தது, பழைய கட்டுரைகளிலும் யூடியூப் வீடியோக்களிலும் இன்னமும் அந்த 48தான் இருக்கிறது, நம்பி ஏமாற வேண்டாம். கேட்காமல் விட்டால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால், அல்லது ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால், படிவம் 18ஏ மூலம் விரைவு ஆய்வும் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆட்சேபக் கடிதம் வந்த பிறகு

ஆய்வாளர் பார்த்து அனுப்பும் அந்தக் கடிதத்துக்கு முதல் ஆய்வறிக்கை என்று பெயர். அலுவலகத்திலும் ஏஜென்ட்களிடமும் எஃப்.இ.ஆர். என்றால்தான் புரியும். பதில் கொடுக்க 6 மாதம். அந்த 6 மாதம் நீங்கள் ஈமெயிலைத் திறந்த நாளிலிருந்து இல்லை, அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து கணக்கு. ஸ்பாம் ஃபோல்டரில் கிடந்தாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

6 மாதம் போதவில்லை என்றால் படிவம் 4இல் மனு போட்டு இன்னொரு 3 மாதம் வாங்கலாம். ஆனால் அந்த மனுவை முதல் 6 மாதம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். மறுநாள் கொடுத்தால் அந்த வழி மூடிவிடும். 2024 திருத்தத்துக்குப் பிறகு விதி 138 கொஞ்சம் தாராளமாகியிருக்கிறது. விதிகளில் சொல்லப்பட்ட ஒரு கெடுவைத் தவறவிட்டால், 6 மாதம் வரை நீட்டிப்போ, தாமதத்துக்கு மன்னிப்போ கேட்டு மனு போடலாம். இதற்கு மாதக் கணக்கில் கட்டணம், சாதாரணத் தொகை இல்லை. தரவேண்டிய கட்டாயமும் கன்ட்ரோலருக்குக் கிடையாது. இன்னொன்று, இது விதிகளில் உள்ள கெடுவுக்கு மட்டும்தான். சட்டத்திலேயே எழுதப்பட்ட கெடுவை இந்த மனுவால் நகர்த்த முடியாது.

பதிலில் என்ன எழுதலாம்? ஆட்சேபத்தை ஒத்துக்கொண்டு உரிமைக்கோரலைச் சுருக்கலாம். உரிமைக்கோரல் என்பது எதற்கெல்லாம் தனியுரிமை கேட்கிறோம் என்று எண் போட்டு எழுதும் வரிகள். அல்லது ஆய்வாளர் காட்டிய பழைய காப்புரிமைக்கும் நம்முடையதற்கும் என்ன வித்தியாசம் என்று வாதாடலாம். நம்ம பட்டறைக்காரர், "அவங்க மோட்டார்ல விசிறி வெளியே இருக்கு, என்னோடதுல பம்பு தண்ணியே மோட்டாரைக் குளிர வைக்குது, அதனால தனியா விசிறியே வேண்டாம்" என்று படத்தோடு விளக்கினால் அதுவே நல்ல பதில். சட்டத் தமிழோ ஆங்கில அலங்காரமோ தேவையில்லை, ஆனால் பதிலை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தாக்கல் செய்ய வேண்டும். திருத்தும்போது ஒரு எல்லை உண்டு. முதலில் விவரித்ததில் இல்லாத புதுச் சங்கதியை இப்போது நுழைக்க முடியாது.

பதிலின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பது வழக்கம்: "எனக்குப் பாதகமாக முடிவெடுப்பதாக இருந்தால் அதற்கு முன் நேரில் கேட்க வாய்ப்பு தர வேண்டும்." இது வெறும் மரியாதை வாக்கியம் இல்லை. சட்டத்தின் 14ஆம் பிரிவும் 80ஆம் பிரிவும் இந்த உரிமையைத் தருகின்றன. கெடு முடிய குறைந்தது 10 நாளுக்கு முன்பே விசாரணை கேட்டிருக்க வேண்டும் என்று 80ஆம் பிரிவு சொல்கிறது. எனவே கடைசி நாள் இரவு 11 மணிக்கு அப்லோட் செய்யும் பழக்கம் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

பதிலே போடாவிட்டால்

பதில் போட்டு அது பிடிக்காமல் போனால், கன்ட்ரோலர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் 15ஆம் பிரிவின் கீழ் மறுக்க முடியும். அந்த மறுப்பு ஒரு உத்தரவு. அதற்குக் காரணம் எழுத வேண்டும், அதன் மேல் அப்பீல் போகலாம்.

பதிலே போடாவிட்டால் நடப்பது வேறு. 21ஆம் பிரிவின்படி விண்ணப்பத்தை நீங்கள் "கைவிட்டதாகக் கருதப்படும்." காரணம் எழுதிய உத்தரவு இல்லை, விசாரணை இல்லை. அப்பீல் போகக்கூடிய பிரிவுகளின் பட்டியல் 117ஏ பிரிவில் இருக்கிறது. அதில் 21 என்ற எண் கிடையாது. மறுக்கப்பட்டவருக்கு இருக்கும் கதவு, மௌனமாக இருந்தவருக்கு இல்லை. அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, நேரத்துக்குள் ஒரு பதிலைப் போட்டுவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான். எரிக்சன் நிறுவனம் தொடர்ந்த வழக்கில் 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆட்சேபங்களுக்கு விண்ணப்பதாரர் பதில் கொடுத்திருந்தால், பதில் போதவில்லை என்பதற்காக "கைவிட்டார்" என்று முடித்துவிட முடியாது, கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

கைவிட்டதாக ஆகிவிட்டால் மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அதுவும் எல்லோருக்கும் கிடைக்கும் நிவாரணம் இல்லை. 2022இல் ஒரு வழக்கு. விண்ணப்பதாரர் சாதாரண ஆள் இல்லை, ஐரோப்பிய ஒன்றியம்! அவர்களுடைய இரண்டு விண்ணப்பங்கள், இங்கிருந்த பேட்டன்ட் ஏஜென்ட் பதில் போடாததால் கைவிட்டதாக ஆகிவிட்டன. விண்ணப்பதாரருக்குக் கைவிடும் எண்ணமே இல்லை, தவறு ஏஜென்ட்டுடையது என்று ஏற்று டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றை மீட்டுக் கொடுத்தது. அதிலும் இது அபூர்வமான சூழ்நிலை என்று பார்த்துத்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கே இந்தக் கதி என்றால், ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டு மறந்துபோகும் நம்ம பட்டறைக்காரர் என்ன ஆவார்? ஏஜென்ட் இருந்தாலும் விண்ணப்ப எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை நீங்களே நிலையைப் பாருங்கள். ஏஜென்ட்டிடம் கேட்பதை போனில் கேட்காமல் ஈமெயிலில் கேளுங்கள். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்த ஈமெயில்தான் சாட்சி. ஏஜென்ட் வைப்பது கட்டாயமும் இல்லை, விண்ணப்பதாரர் தானே எல்லா மனுவையும் கொடுக்கலாம்.

விசாரணை நாள்

விசாரணைகள் இப்போது வீடியோ கான்ஃபரன்ஸில் நடக்கின்றன. கோவையிலிருந்து கிண்டிக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. அன்றைக்கு வர முடியாது என்றால் நியாயமான காரணம் சொல்லித் தள்ளிவைக்கக் கேட்கலாம், குறைந்தது 3 நாளுக்கு முன்பே, கட்டணத்தோடு. மொத்தம் 2 தடவைதான், ஒவ்வொன்றும் 30 நாளுக்கு மேல் போகாது. விசாரணை முடிந்து 15 நாளுக்குள் எழுத்து வாதத்தைக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னதெல்லாம் பதிவாகியிருக்கும் என்று விட்டுவிடுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். உத்தரவு எழுதும்போது அதிகாரியின் மேஜையில் இருப்பது உங்கள் எழுத்து வாதம்தான்.

மறுத்துவிட்டார்கள், இனி?

இரண்டு வழி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று மறுபரிசீலனை மனு. 77ஆம் பிரிவின்படி கன்ட்ரோலர் தன்னுடைய முடிவைத் தானே திரும்பப் பார்க்கலாம். படிவம் 24, உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 1 மாதம், கேட்டால் இன்னும் 1 மாதம் வரை தரலாம். நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக உத்தரவு போட்டிருந்தால், அதை ரத்து செய்யக் கேட்பதற்கும் இதே படிவம், இதே கெடு. ஆனால் இது எதற்குப் பயன்படும் என்று புரிந்துகொள்ள வேண்டும். எழுத்து வாதத்தை 12ஆம் நாளே அப்லோட் செய்திருக்கிறீர்கள், உத்தரவில் "எழுத்து வாதம் எதுவும் வரவில்லை" என்று இருக்கிறது. இந்த மாதிரி, ஆவணத்தைத் திறந்ததும் கண்ணில் படும் பிழைக்கு மறுபரிசீலனை சரியான மருந்து. "ஆய்வாளர் என் கண்டுபிடிப்பின் அருமையைப் புரிஞ்சுக்கல" என்பது உங்கள் குறை என்றால் படிவம் 24 போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதற்கு இரண்டாவது வழி, மேல்முறையீடு. 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில். முன்பு இதற்கென்றே அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் இருந்தது, அதன் தலைமையகமும் சென்னைதான். 2021 ஏப்ரலில் அது கலைக்கப்பட்டது. கிண்டி அலுவலகத்தின் உத்தரவுகள் இப்போது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகின்றன, அங்கே அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மறுபரிசீலனை மனு போட்டிருக்கிறோமே, அதன் முடிவு வரட்டும் என்று அப்பீல் கெடுவைத் தவறவிடாதீர்கள். இரண்டு தேதியையும் போன் காலண்டரில் தனித்தனியாகப் போட்டு வையுங்கள்.

கண்டுபிடிக்காதவருக்கும் மனு உரிமை உண்டு

இதுவரை பார்த்தது விண்ணப்பதாரரின் பக்கம். எதிர்ப் பக்கத்தில், விண்ணப்பத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கும் சட்டம் ஒரு இடம் கொடுத்திருக்கிறது. 25(1) பிரிவில் "எந்த நபரும்" என்று இருக்கிறது. விண்ணப்பம் இதழில் வெளியான பிறகு, காப்புரிமை கொடுப்பதற்கு முன், யார் வேண்டுமானாலும் படிவம் 7ஏ மூலம் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். வெளியாகி 6 மாதம் முடியும்வரை காப்புரிமை கொடுக்கவே கூடாது என்பதால் குறைந்தது அந்த 6 மாதம் உங்களுக்கு நிச்சயம். 11 காரணங்களைச் சட்டம் சொல்கிறது. அதில் ஒன்று, உள்ளூர்ச் சமூகத்தில் ஏற்கெனவே இருக்கும் அறிவு. அது வாய்வழியாக வந்ததாக இருந்தாலும் போதும். பாட்டி வைத்தியமும் கணக்கில் வரும் என்று அர்த்தம்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் உரிமை இல்லை. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பம் போட்டது நம் சென்னை அலுவலகத்தில்தான். எதிர்ப்பு மனு கொடுத்தவர்களில் இந்திய மருந்து நிறுவனங்களோடு, புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு சங்கமும் இருந்தது. நோவார்ட்டிஸ் மருந்துக்கு மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல், இந்திய நிறுவனங்களின் மருந்துக்குப் 10,000 ரூபாய் அளவில் என்ற நிலை. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1ஆம் தேதி அந்த மறுப்பு உறுதியானது.

காசநோய் மருந்து பெடாகுயிலின் விஷயத்தில் மனு கொடுத்தவர்கள் இன்னும் சாதாரண ஆட்கள். மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா திசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய மருந்துகளின் பக்கவிளைவால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அந்த மருந்தின் உப்பு வடிவத்துக்குக் கேட்ட கூடுதல் காப்புரிமையை அவர்கள் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் மும்பை அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்துவிட்டது.

எல்லைகளும் உண்டு. முன்பு இந்த எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2024 முதல் உண்டு. மனு ஏற்கத்தக்கதா என்று கன்ட்ரோலர் முதலில் பார்ப்பார், பிறகுதான் விண்ணப்பதாரருக்கு நோட்டீஸ் போகும். எதிர்ப்பு விசாரணையில் உங்களைக் கேட்பார்கள். ஆனால் ஆய்வாளருக்கும் விண்ணப்பதாரருக்கும் நடுவே நடக்கும் ஆய்வில் உட்கார உங்களுக்கு உரிமை இல்லை. ஆய்வு வேறு, எதிர்ப்பு வேறு என்று 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொதுமக்கள் பக்கமிருந்து பார்த்தால் இது கொஞ்சம் ஏமாற்றம்தான். விண்ணப்பதாரர் பக்கமிருந்து பார்த்தால், எதிர்ப்பு மனு வந்துகொண்டே இருந்து ஆய்வு முடியாமல் இழுக்கும் தொல்லை குறையும்.

காப்புரிமை கொடுத்த பிறகு? கொடுக்கப்பட்ட செய்தி இதழில் வெளியாகி 1 வருடத்துக்குள் எதிர்க்கலாம், ஆனால் அப்போது "எந்த நபரும்" இல்லை, "அக்கறை உள்ள நபர்" மட்டும். அதே துறையில் தொழில் செய்பவர், ஆராய்ச்சி செய்பவர் போல. இந்த 1 வருடம் சட்டத்திலேயே இருப்பது, நீட்டிப்பு மனுவால் நகராது.

கொடுத்த காப்புரிமையை அலுவலகமே மறு ஆய்வு செய்யக் கேட்கும் தனி நடைமுறை அமெரிக்காவில் இருக்கிறது, நம் சட்டத்தில் அந்தப் பெயரில் இல்லை. மஞ்சள் வழக்கு நடந்தது அந்த வழியில்தான். காயத்தை ஆற்ற மஞ்சள் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் மறு ஆய்வு கேட்டது. "எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லி ஜெயிக்க முடியாது, அங்கே அச்சில் வந்த ஆதாரம் வேண்டும். சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள் உட்பட 32 ஆதாரங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். 1997இல் அந்தக் காப்புரிமையின் கோரல்கள் நிராகரிக்கப்பட்டன.

போனில் பார்ப்பது எப்படி

ஐபி இந்தியா இணையதளத்தில் விண்ணப்ப நிலையைப் பார்க்கும் பக்கம் இருக்கிறது. விண்ணப்ப எண்ணையும் திரையில் வரும் கேப்ச்சாவையும் போட்டால் போதும், லாகின் வேண்டாம். ஆய்வறிக்கை, பதில், விசாரணை நோட்டீஸ், உத்தரவு எல்லாம் அங்கேயே பிடிஎஃப் ஆக இருக்கும். அடுத்தவர் விண்ணப்பத்தையும், அது வெளியாகிவிட்டால், இதே போலப் பார்க்கலாம். சின்னத் திரையில் அந்தப் பக்கம் கொஞ்சம் படுத்தும், போனைப் படுக்கை வாட்டில் திருப்பிக்கொண்டால் எழுத்து தெரியும். விண்ணப்பத்தில் கொடுத்த ஈமெயில், போன் நம்பர் மாறியிருந்தால் உடனே முகவரி மாற்றம் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் பழைய முகவரிக்குத்தான் போகும்.

எந்தப் படிவம் என்று புரியவில்லையா? தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தில் வழிகாட்டுதல் கேட்கலாம். மனுவைத் தாக்கல் செய்ய வேண்டிய இடம் ஐபி இந்தியாவின் ஈ-ஃபைலிங் பக்கம், அல்லது நேரில் என்றால் கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள அறிவுசார் சொத்துரிமைக் கட்டடம். நேரில் கொடுத்தால் கட்டணம் 10 சதவீதம் கூடுதல்.